ஐம்பத்தெட்டு சதவீதம்

தீபாவளி வெடிக்குப்பை
தெருவோரம் நனைந்து கிடந்த வாரத்திலேயே
கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் திறந்தார்கள்.
அறுபது நாள் முன்னால், காலை எட்டுக்கு.

பெருங்குடி விடுதி, மூன்றாம் மாடி.
நான்கு பெண்கள், நான்கு போன், ஒரே வைஃபை.
பெயர், வயது, கீழ் பெர்த் எல்லாம்
முந்தின இரவே நிரப்பியாயிற்று.
எட்டேகால் வரைக்கும் ஹீட்டர் போடாதீங்க,
கரண்ட் போயிடும் என்று
வார்டனிடம் தவமணி காலில் விழாத குறை.

எட்டு ஒன்றுக்கு வட்டம் சுழன்றது.
எட்டு இரண்டுக்கு ஓடிபி
நாகர்கோவிலில் அண்ணன் போனுக்குப் போனது.
அவன் குளித்துக்கொண்டிருந்தான்.
எட்டு நான்குக்கு
காத்திருப்போர் பட்டியல், பதினொன்று.

சென்னையில் எத்தனை பேர்
சென்னைக்காரர்கள் இல்லை என்பது
அந்த நான்கு நிமிடத்தில்தான் தெரியும்.

பானு ஒரு செயலியைத் திறந்து காட்டினாள்.
பாதி பச்சை, மீதி மஞ்சளாய் ஒரு வளையம்:
உறுதியாகும் வாய்ப்பு 58%.

அதன்பின் எல்லாமே ஐம்பத்தெட்டுதான்.
மேனேஜரிடம் அந்த அளவுக் குரலில் லீவு கேட்டேன்.
பையில் சார்ஜர், நைட்டி, அக்கா மகனுக்கு ஒரு பொம்மை ஜேசிபி;
புதுச் சுடிதார் மட்டும் ஆணியிலேயே தொங்கியது.
"வருவியா மக்ளே?" என்றாள் அம்மா.
"பாக்கலாம்மா."
அந்தச் சொல்லுக்கு இவ்வளவு துல்லியமான கணக்கு உண்டென்று
எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பேருந்தும் பார்த்து வைத்தேன்.
நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது.
பேருந்து இருக்கும் கட்டங்களை எல்லாம் தொடு.
அடப்பாவி,
அதைத்தானே நானும் தேடுகிறேன்.

ராத்திரி பத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு.
பகல் ஒன்றரைக்கு, கூப்பன் போக, ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
பகல் என்றால் அரைநாள் சம்பளம் போகும்.
ஹேமா தாளில் கூட்டிக் கழித்தாள்.
அப்படியும் எழுநூறு மிச்சம்.
முந்தின நாள் மாலை நான்குக்குள் ரத்து செய்தால் முழுப்பணம்.
ஜன்னலோரம், பெண்களுக்கென்று இளஞ்சிவப்பில் ஒரு கட்டம்.
தொட்டேன்.
அன்றிரவுதான் தூக்கம் வந்தது.

ஆனாலும் தினம் பார்ப்பேன்.
பதினொன்று, ஒன்பதாயிற்று.
டிசம்பர் முதல் மழையில் ஆறு.
"இறங்குது இறங்குது" என்று அறையே கத்தும்.

அலுவலகத்தில் என் வேலை
மருத்துவக் காப்பீட்டுப் படிவம் சரிபார்ப்பது.
ஒரு மதியம், யாரோ ஒருவரின் டிஸ்சார்ஜ் தாளில்
தேதியைத் தட்டிக்கொண்டிருக்கையில் உறைத்தது:
எண் சும்மா இறங்கவில்லை.
ஒவ்வொரு முறையும்
யாரோ போகவில்லை.
காய்ச்சல். கோபம். மறுக்கப்பட்ட லீவு.
அல்லது போய்ப் பார்க்க வேண்டியவரே
இனி இல்லை என்று ஒரு போன்.

அன்றைக்கு நான் செயலியைத் திறக்கவில்லை.
மறுநாள் திறந்தேன். பொய் சொல்வானேன்.

இருபத்திரண்டாம் தேதி, மூன்று மணி முப்பத்தைந்து.
கேன்டீனில் டீ ஆறுவதற்குள் குறுஞ்செய்தி.
எஸ் ஏழு, முப்பத்தொன்பது, சைடு லோயர்.
எழும்பூர் வரை போக வேண்டாம்,
ஏறுமிடம் தாம்பரம் என்று முன்பே மாற்றியிருந்தேன்.
யாருடைய இடமோ,
அவர்கள் பெயரை எந்தச் செயலியும் சொல்லாது.

மூன்று ஐம்பத்தொன்று.
பேருந்தை ரத்து செய்யவா என்று கேட்டது.
உறுதியாகவா என்று இன்னொரு முறை.
ஆம்.

இப்போது மேடவாக்கத்திலோ, அம்பத்தூரிலோ
எவளோ ஒருத்தி
நூறாவது தடவையாகத் திரையைக் கீழே இழுக்கிறாள்.
சாம்பல் கட்டங்களுக்கு நடுவே
ஜன்னலோரம்
இளஞ்சிவப்பாய் ஒன்று.

சீக்கிரம் தொடுடி.